அறுபத்தொன்றாம் குழாய்

தெர்மாமீட்டரை மூன்றாவது முறையாக அக்குளில் செருகிக்கொண்டு சுண்டு நூறு வரை எண்ணினாள். முதல் தடவை தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு. இரண்டாவது தடவை தொண்ணூற்றொன்பது. இப்போது தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று. ஏறுகிறது. கடிகாரம் ஒரு மணியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் அப்பாவின் குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா நடுநடுவே அவரைத் தட்டித் திருப்பிப் படுக்கவைக்கும் சத்தமும் கேட்டது.

வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் ஏற்கெனவே கடைசி ஆசைகளாக நான்கு வரி எழுதி வைத்திருந்தாள். அதில் ஒரு வரி, 'முதலாளியை யாரும் வெளியே கட்டிப்போடக் கூடாது.' முதலாளி என்பது அந்த வீட்டு நாய். வேலை எதுவும் செய்யாமல் நாள் முழுக்கச் சோபாவில் சாய்ந்து கிடந்து எல்லாரையும் அதட்டுவதால் சித்தி வைத்த பெயர். சுண்டு என்பதும் சித்தி வைத்ததுதான். பிறந்த குழந்தையாக இருந்தபோது சித்தியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தாளாம். அப்போது சித்திக்குப் பதினோரு வயது. இப்போது இருபத்தேழு. அம்மாவின் கடைசித் தங்கை. மாடியில் தனி அறையில் இருக்கிறாள். கால்நடை நோய்களைப் பார்க்கிற ஆய்வகத்தில் அவளுக்கு வேலை.

சுண்டு செருப்பில்லாமல் மாடிப்படி ஏறினாள். ஏழாவது படி முனகும், அதைத் தாண்டி எட்டாவதில் கால் வைத்தாள். செத்துப்போகப் போகிறவளுக்கு இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று நினைத்துக்கொண்டாள்.

சித்தியின் கதவுக்கடியில் வெளிச்சம் தெரிந்தது. சுண்டு தட்டவில்லை, நகத்தால் சுரண்டினாள்.

"முதலாளி, போய்ப் படு. அர்த்த ராத்திரியில உனக்கு என்ன மீட்டிங்கு?"

"நான்தான் சித்தி."

கதவு திறந்தது. சித்தி பழைய சட்டையும் கொண்டை அவிழ்ந்த தலையுமாக நின்றாள். கண் சிவந்திருந்தது. மேசையில் ஒரு வெள்ளைத்தாளில் பாதி எழுதியிருந்தது. சுண்டுவைக் கண்டதும் அதைப் புத்தகத்துக்கு அடியில் தள்ளினாள்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கிற? வயித்து வலியா?"

"சித்தி, நான் ஒண்ணு சொல்லுவேன். கத்தக் கூடாது. அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"யாரு பையன்?"

"ஐயோ, பையன் இல்ல!"

"அப்ப உட்காரு. பையன் இல்லாத விஷயம் எதுவா இருந்தாலும் தாங்கிப்பேன்."

சுண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வாய்க்கு வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல்தான் கிளம்பியது. சித்தி அருகில் வந்து அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் சட்டை நுனியால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"என்னை உண்ணி கடிச்சிருச்சு சித்தி."

சித்தியின் கை நின்றது. "எப்ப?"

"போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. முதலாளி என் கட்டில்ல படுத்திருந்துச்சு. அம்மா அதைக் கட்டில்ல ஏத்தக் கூடாதுன்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்காங்க. முட்டிக்குப் பின்னால அரிச்சுது. பார்த்தா எள்ளு மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு."

"காட்டு."

சித்தி கைபேசி விளக்கைப் போட்டுத் தரையில் மண்டியிட்டாள். வலது முழங்காலின் பின்மடிப்பில் கொசுக்கடியளவு ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சித்தி பயந்தால் காது மடல் சிவக்கும் என்பது சுண்டுவுக்குத் தெரியும். மடல் சிவந்திருந்தது.

"காய்ச்சல் இருக்கா?"

"தொண்ணூத்தொம்பது புள்ளி ஒண்ணு. சித்தி, அதுக்குள்ள வைரஸ் இருக்கு. எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்? போன்ல பார்த்தியா? போன்ல பார்த்தா முகப்பருவுக்கே ஆயுள் முடிஞ்சிருச்சும்பான்."

"போன்ல இல்ல. உன் ரிசல்ட்ல."

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த ஞாயிறன்று உண்ணியைப் பிடுங்கி ஒரு பழைய மருந்துப் புட்டியில் போட்டு வைத்தாள். மறுநாள் பள்ளி முடிந்து வழக்கம்போலச் சித்திக்காக ஆய்வகத்தின் முன்னறையில் காத்திருந்தாள். அன்றைக்குப் பல பண்ணைகளிலிருந்து உண்ணி அடைத்த குழாய்கள் வந்திருந்தன. மொத்தம் எழுபத்திரண்டு. சித்தியின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்பதால், குழாய் எண்களைப் பதிவேட்டில் எழுதும் வேலை எப்போதும் சுண்டுவுக்குத்தான். எந்தப் பண்ணை, எந்த மிருகம், எத்தனை உண்ணி என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள். அறுபத்தொன்றாம் குழாயில் ஒன்றுமில்லை. அந்தப் பண்ணையில் உண்ணியே கிடைக்கவில்லையாம். 'காலி' என்று எழுதினாள்.

"எழுதி முடிச்சதும் ஒரு யோசனை வந்துச்சு. நீ எப்படியும் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணத்தானே போற? என்னோடதை அதுல போட்டுட்டா, யாருக்கும் தெரியாம எனக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுக்கலாம்ல? அம்மாகிட்ட முதலாளி மாட்டாது. நானும் மாட்ட மாட்டேன்."

"அதனால..."

"அறுபத்தொண்ணுல போட்டுட்டேன். இந்தச் செவ்வாக்கிழமை சார்ஜர் தேடி உன் பையைத் திறந்தேன். ரிசல்ட் தாள் இருந்துச்சு. அறுபத்தொண்ணுக்கு நேரா 'இருக்கு'ன்னு போட்டு, நீயே சிவப்பு மையில மூணு வட்டம் போட்டிருந்த. மத்ததைப் பார்க்காம தாளை மூடிட்டேன். மூணு வட்டம் சித்தி! அவ்வளவு மோசமான வைரஸா?"

சித்தியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறகு அவளிடமிருந்து ஒரு வினோதமான சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சுண்டுவால் சொல்ல முடியவில்லை. சித்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"நான் சாகப் போறேன், நீ சிரிக்கிற."

"இல்லடி. இல்லடி கண்ணு." சித்தி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அந்த மூணு வட்டம் எனக்குப் போட்டது. உனக்கு இல்ல."

புத்தகத்துக்கு அடியில் ஒளித்த தாளை எடுத்து நீட்டினாள். 'மதிப்பிற்குரிய டாக்டரம்மா' என்று ஆய்வகத் தலைவிக்குத் தொடங்கிய கடிதம். என் கவனக்குறைவால் ஆய்வகம் அசுத்தப்பட்டுவிட்டது, இரண்டு மாத முடிவுகளை நம்ப முடியாது, பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று கோழி கிளறிய எழுத்தில் பாதிப் பக்கம் இருந்தது.

"காலிக் குழாய் வந்தா அதையும் மத்ததோட சேர்த்து மெஷின்ல ஓட்டுறது எங்க வழக்கம். அது எங்களுக்குக் காவல்காரன் மாதிரி. காலியில ஒண்ணும் வரக் கூடாது. வந்துச்சுன்னா, ஒரு குழாய்ல இருந்து இன்னொண்ணுக்கு நானே ஒட்டவச்சிட்டேன்னு அர்த்தம். இந்தத் தடவை ஒரே ஒரு காலிதான். அதுலயும் வந்துச்சு. இந்தத் திங்கக்கிழமைல இருந்து நான் தூங்கல சுண்டு. மேசையைக் கழுவினேன், மெஷினைக் கழுவினேன், திரும்ப ரெண்டு தடவை ஓட்டினேன். வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. டாக்டரம்மா ஊர்ல இல்ல, காலைல வர்றாங்க. அவங்க மேசையில இதை வச்சிட்டு எங்கயாவது ஓடிடலாமான்னு இருந்தேன்."

"நீ குழாயைத் திறக்கும்போது பார்க்கலையா?"

"எழுபத்திரண்டு குழாய்டி. ஒவ்வொண்ணுகிட்டயும் நின்னு சௌக்கியமான்னு விசாரிச்சுக்கிட்டா இருப்பேன்? எள்ளு சைஸ்னு நீயே சொல்ற. உன் எழுத்து முத்து முத்தா 'காலி'ன்னு சொல்லுச்சு. நம்பிட்டேன்."

சுண்டுவுக்கு வெட்கமும் ஏதோ ஒரு ஆறுதலும் சேர்ந்து வந்தன. தான் மட்டும் மூன்று ராத்திரி கூரையைப் பார்த்துப் படுத்திருந்ததாக நினைத்திருந்தாள். கூரைக்கு மேலே சித்தியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

ஆனால் அந்த ஆறுதல் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"அப்ப நீ எதையும் அசுத்தம் பண்ணல. மெஷின் சரியாத்தான் சொல்லுது. அப்ப என் உண்ணியில நிஜமாவே இருக்கு."

சித்தியின் காது மடல் மறுபடி சிவந்தது. சொந்தப் பயம் விலகிய இடத்தில் சுண்டுவின் பயம் வந்து உட்கார்ந்துகொண்டதைப் பார்க்கவே முடிந்தது. அவள் பையிலிருந்து ரிசல்ட் தாளை எடுத்தாள். இருவரும் கட்டிலில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து அதை மடியில் விரித்தார்கள்.

"எத்தனை குழாய்ல இருக்கு?"

"எல்லாத்துலயும்."

"எழுபத்திரண்டுலயுமா?"

"ம். போன ரெண்டு மாசம் நோய் சந்தேகம் இருந்த பண்ணை உண்ணிதான் வந்துச்சு, 'இருக்கு'ன்னதும் நம்பிட்டோம். இப்ப எல்லாத்துலயும் வந்ததாலதான் அசுத்தம்னு நினைச்சேன். எந்த ஊர்லயும் எல்லா உண்ணிக்கும் ஒரே வைரஸ் இருக்காது. நூத்துக்கு ஒண்ணோ ரெண்டோ இருந்தாலே பெரிய விஷயம்."

"பக்கத்துல இருக்கிற நம்பர் என்ன?"

"மெஷின் ஒவ்வொரு சுத்துலயும் அந்த வைரஸ் துண்டை ரெண்டு மடங்காக்கும். எத்தனையாவது சுத்துல கண்ணுக்குத் தெரியுதோ அந்த நம்பர். நிறைய இருந்தா சீக்கிரம் தெரியும், கொஞ்சமா இருந்தா லேட்டாகும்."

சுண்டு விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே போனாள். இருபத்து நான்கு. இருபத்து நான்கு. இருபத்து நான்கரை. இருபத்து மூணே முக்கால். இருபத்து நான்கு. மாட்டு உண்ணி, ஆட்டு உண்ணி, எங்கோ மலைப் பக்கத்துப் பண்ணை, கடற்கரைப் பக்கத்துப் பண்ணை. எல்லாம் இருபத்து நான்குக்கு முன்னே பின்னே.

"இது என்ன சித்தி, எல்லாரும் ஒரே மார்க்கு?"

"அதான் எனக்கும் புரியல."

"காப்பி அடிச்சிருந்தாகூட ஒண்ணு ரெண்டு குறைச்சு எழுதுவாங்க. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே மார்க்கு விழுந்தா அது பரீட்சையே இல்ல. அட்டென்டன்ஸ். சும்மா வந்து உட்கார்ந்ததுக்குக் குடுக்கிறது."

சொல்லிவிட்டு அவளே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி அவளைப் பார்த்தாள்.

"திரும்பச் சொல்லு."

"சும்மா வந்து உட்கார்ந்ததுக்கு..."

"வந்து உட்கார்ந்ததுக்கு இல்லடி. பொறந்ததுக்கு!" சித்தி கட்டிலிலிருந்து குதித்து எழுந்தாள். ஏழாவது படி முனகுவதற்குப் பயந்து வந்தது வீண், கீழே குறட்டையே ஒரு நொடி நின்றது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தொத்திக்கிட்ட வைரஸா இருந்தா ஒண்ணுல மலை மாதிரி இருக்கும், ஒண்ணுல துளி இருக்கும், முக்கால்வாசியில இருக்கவே இருக்காது. எல்லாத்துலயும் ஒரே அளவு இருந்தா... அது உண்ணியோட சொந்தச் சரக்கா இருக்கணும். கண்ணு, கால் மாதிரி. மரபணுவுலயே."

"வைரஸ் எப்படி உண்ணியோட மரபணுவுல வரும்?"

"வரும். ஒரு கூட்டத்துல யாரோ பேசிக் கேட்டிருக்கேன், நான் அப்ப பாதித் தூக்கம். எந்தக் காலத்துலயோ ஏதோ ஒரு வைரஸோட துண்டு உண்ணியோட முட்டைக்குள்ள போய் அதோட மரபணுவுல ஒட்டிக்கிச்சாம். அப்புறம் அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்கு, பிள்ளைகிட்ட இருந்து பேரப்பிள்ளைக்கு. வைரஸ் எப்பவோ போயிருச்சு. துண்டு மட்டும் வீட்டோட தங்கிருச்சு. அதால நோய் வராது. அது கிழிஞ்சுபோன ஒரு பக்கம், புத்தகம் இல்ல."

"நிச்சயமாவா?"

சித்தி அவள் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் எடுத்து நிறுத்தியது தெரிந்தது.

"நிச்சயமா தெரியாது. பாதித் தூக்கத்துல கேட்டதை வச்சு உன்னை விட மாட்டேன். காலைல ஓட்டிப் பார்ப்போம். இப்ப இங்கயே படு."

சுண்டு சுவரோரம் படுத்தாள். சித்தி விடியும் வரை அரைமணிக்கு ஒரு தரம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூங்குவதுபோல நடித்து அதை எண்ணிக்கொண்டிருந்த சுண்டு ஏழோடு விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா குட்டையானவர். ஆய்வகத்தின் குளிருக்கு எப்போதும் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார். காலையில் அவர் பிரயாணப் பெட்டியை அறைக்குள் வைக்கக்கூட விடாமல் சித்தி வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். சுண்டு பின்னால் நின்று தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவம் வரணும். அதுக்கு நேரம் அப்புறமா ஒதுக்குறேன். அறுபத்தொண்ணுல மிச்சம் இருக்கா?"

"இருக்கு டாக்டரம்மா."

"பாப்பா, இங்க வா. பள்ளிக்கூடத்துல டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எல்லாம் படிச்சாச்சா?"

"படிச்சிருக்கேன் மேடம்."

"நாம தேடுற வைரஸ் முழுக்க ஆர்.என்.ஏ. உண்ணியோட மரபணு டி.என்.ஏ. மெஷின்ல போட நாம வாங்குற கலவைக்கு அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது, ரெண்டையும் படிச்சு 'இருக்கு'ன்னு சொல்லிடும். இப்ப டி.என்.ஏ.வை மட்டும் தின்னுற ஒரு மருந்தை முதல்ல போடப் போறோம். அதுக்கப்புறமும் மெஷின் திரையில கோடு ஏறிச்சுன்னா வைரஸ். ஏறலைன்னா, அது உண்ணியோட சொந்தச் சொத்து."

"அந்த மருந்து ரெண்டையும் சேர்த்துத் தின்னுட்டா மேடம்? அப்பவும் ஏறாதே."

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார்.

"உங்க அக்கா பொண்ணா?"

"ஆமா டாக்டரம்மா."

"நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சாகடிச்சு வச்சிருக்கிற நிஜ வைரஸ் கொஞ்சம் ஃப்ரீஸர்ல இருக்கு. அதுக்கும் அதே மருந்தைப் போடுங்க. அது ஏறியே ஆகணும். நம்ம கூண்டுல முட்டையில இருந்து வளர்ந்த உண்ணி ரெண்டையும் எடுத்துக்குங்க. அதுங்க ஜென்மத்துல ஒரு நோயாளி மாட்டைப் பார்த்ததில்ல."

உள்ளே போக சுண்டுவுக்கு அனுமதி இல்லை. முன்னறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் இருந்தது. நாற்காலியை அதற்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சித்தி உள்ளே வெள்ளைக் கோட்டும் கையுறையும் முகமூடியுமாக வேறு யாரோபோல இருந்தாள். ஆனால் கொண்டையிலிருந்து வழக்கம்போல ஒரு கற்றை முடி அவிழ்ந்து தொப்பிக்கு வெளியே தொங்கியது. இந்தத் தடவை ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் மூடியைத் திறந்தாள். நடுவில் ஒரு தரம் திரும்பிக் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைக் காட்டினாள். சுண்டுவும் கட்டைவிரலைக் காட்டினாள்.

மதியம் கடந்துதான் மெஷினில் வைத்தார்கள். திரை கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சித்தி வேண்டுமென்றே திருப்பி வைத்திருந்தாள். அடியில் ஒரே கோடாகப் பல நிறங்கள் படுத்திருந்தன. மூலையில் ஒரு எண் ஓடியது. ஒன்று. ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து, இரண்டு. பள்ளிக்குப் போகாததற்கு அம்மாவிடம் தலைவலி என்று சொல்லியிருந்தாள். அது பொய்யும் இல்லை.

பத்து. பதினைந்து. சித்தி கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மஞ்சள் நிஜ வைரஸ். நீலம் அறுபத்தொண்ணு, மருந்து போடாதது. பச்சை கூண்டு உண்ணி, அதுக்கும் மருந்து போடல. சிவப்புதான் நீ... சிவப்புதான் அறுபத்தொண்ணு, மருந்து போட்டது. சிவப்பு எந்திரிக்கக் கூடாது."

"மஞ்சள் எந்திரிக்கணும்."

"எந்திரிக்கணும்."

பதினெட்டு. மஞ்சள் கோடு மெல்லத் தலையைத் தூக்கியது. அடுத்த சுற்றில் நிமிர்ந்தது. இருபதில் செங்குத்தாக ஏறியது. மருந்து ஆர்.என்.ஏ.வைத் தின்னவில்லை. சுண்டு சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை முழுவதும் அல்ல, அகப்பட்ட ஒரே ஒரு விரலை.

இருபத்திரண்டு. இருபத்து மூன்று.

இருபத்து நான்கில் நீலம் எழுந்தது. கூடவே பச்சையும். எந்த மாட்டையும் தொடாமல் கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த உண்ணியும், அவளைக் கடித்த உண்ணியும் கை கோத்துக்கொண்டு ஒன்றாக மேலே போயின.

சிவப்பு படுத்திருந்தது.

"லேட்டா வருமோ?"

"நாப்பது வரைக்கும் பார்ப்போம்."

முப்பது. நீலமும் பச்சையும் உச்சியைத் தொட்டு மட்டமாகிவிட்டன. சிவப்பு அசையவில்லை. முப்பத்தைந்து. டாக்டரம்மா ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து பின்னால் நின்றார். பொட்டலம் கசகசத்தது, ஆனால் யாரும் எடுக்கவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. மெஷின் ஒரு தரம் கூவிவிட்டு நின்றது. சிவப்புக் கோடு கடைசி வரை தரையில் விழுந்த நூலைப்போலக் கிடந்தது.

"பாப்பா," என்றார் டாக்டரம்மா, "உன்னைக் கடிச்ச உண்ணிகிட்ட அந்த வைரஸ் இல்ல. அதோட ஏதோ ஒரு பூட்டன் பூட்டி எந்த யுகத்துலயோ வாங்கின தழும்பைத்தான் நீ பார்த்து பயந்திருக்க."

சுண்டு சித்தியின் தோளில் முகத்தை வைத்தாள். சித்தியின் தோள் அவளுக்கு முன்னாலேயே குலுங்கத் தொடங்கியிருந்தது. மருந்து வாசனை அடித்த அந்தக் கோட்டை இருவரும் நன்றாக நனைத்தார்கள்.

"போதும் போதும், கோட்டு ஆபீஸ் சொத்து," என்றார் டாக்டரம்மா. அவர் குரலும் சரியாக இல்லை. "உங்க லெட்டரைக் கிழிச்சுப் போடுங்க. வேற எழுதணும். இந்த டெஸ்ட்டை வச்சு எத்தனை பண்ணைக்கு 'உங்க உண்ணியில வைரஸ் இருக்கு'ன்னு சொல்லியிருப்போம்? அத்தனை பேருக்கும் எழுதணும். இனிமே மருந்து போடாம எதையும் ஓட்டக் கூடாது."

"சரிங்க டாக்டரம்மா."

"அப்புறம், பாப்பாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துருவோம். உண்ணியில வேற கிருமி எதுவும் இருக்கலாம்ல. பயப்பட ஒண்ணுமில்ல, வழக்கமா எடுக்கிறதுதான். வயசு பதினெட்டு ஆகல, அதனால அம்மா கையெழுத்து வேணும்."

சுண்டு நிமிர்ந்தாள். வைரஸ் போன திசையிலிருந்து வேறொரு பயம் வந்து நின்றது.

"சித்தியே போட்டா ஆகாதா மேடம்?"

"ஆகாது."

போனைச் சித்திதான் செய்தாள். "அக்கா, நல்லாத்தான் இருக்கா... இல்லக்கா, நல்லாத்தான் இருக்கா... நீ முதல்ல உட்காரு... உட்கார்ந்துட்டியா?" என்று தொடங்கி, உண்ணி என்ற சொல்லுக்கு வரும் முன்பே போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழாய் விஷயம் வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அம்மா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். ஒரு பேருந்து மூன்று நிமிடம் தாமதமானால் ஓட்டுநர் அம்மாவிடம் கதை சொல்ல வேண்டும். அந்த அம்மா சீருடையோடு, கழுத்தில் விசில் தொங்க, இருபதே நிமிடத்தில் ஆய்வகத்தின் தாழ்வாரத்தில் வந்து நின்றாள். தன் வழியில் நின்ற ஒரு பேருந்தைக் கிளப்பிக்கொண்டே வந்துவிட்டாளோ என்று சுண்டுவுக்குச் சந்தேகம்.

சித்தி ஏற்பாடு செய்து வைத்திருந்த விளக்கங்களைத் தொடங்கினாள். "அக்கா, அந்த உண்ணியோட மரபணுவுல..."

"நீ சும்மா இரு. உன்கிட்ட அப்புறம் வர்றேன்." அம்மா மகளைப் பார்த்தாள். "எத்தனை நாளா?"

"பன்னிரண்டு நாள்மா."

"பன்னிரண்டு நாளா நீ செத்துருவேன்னு நினைச்சுக்கிட்டு என் பக்கத்து ரூம்ல படுத்திருந்திருக்க."

"பன்னிரண்டு நாள் இல்லம்மா. செவ்வாக்கிழமைல இருந்துதான்."

"வாய மூடு. எங்க கடிச்சுது?"

சுண்டு திரும்பி நின்றாள். தாழ்வாரத்தில் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அம்மா யாரையும் சட்டை செய்யவில்லை. பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மடமடவென்று தரையில் மண்டியிட்டு, மகளின் முழங்காலைப் பிடித்துத் திருப்பினாள். அந்தச் சிவப்புப் புள்ளிமீது கட்டைவிரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. விரல் சூடாக இருந்தது.

"நாயைக் கட்டில்ல ஏத்துனேன்னு சொல்லியிருந்தா திட்டியிருப்பேன்," என்றாள் கீழிருந்து. குரல் கரகரத்தது. "ஒரு நாள் திட்டியிருப்பேன். அவ்வளவுதானேடி?"

"முதலாளியை வெளிய கட்டிருவீங்கன்னு..."

"உன்னையும் அதையும் சேர்த்துக் கட்டுறேன், இரு. வேற எங்கயாவது கடிச்சிருக்கா?"

"இல்லம்மா."

"இல்லைன்னு நீ சொன்னா நான் நம்பணுமா? காலின்னு எழுதிட்டு அதே குழாய்ல உண்ணியைப் போட்ட மகராசி. குனி."

"அம்மா, இங்க வேணாம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எல்லாரும் அந்த வேலைக்குத்தானே சம்பளம் வாங்குறாங்க. குனிங்கிறேன்ல?"

சுண்டு குனிந்தாள். அம்மா எழுந்து அவள் பின்னலை அவிழ்த்துவிட்டு, காதோரத்திலிருந்து பிடரி வரை முடியைக் கோடு கோடாக வகிர்ந்து தேடத் தொடங்கினாள். டாக்டரம்மா கையெழுத்துக்கான தாளை நீட்டிக்கொண்டு நின்றார். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று தெரிந்ததும் தாளைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்.